14. ஆட்டம் முடியும்வரை பேச்சில்லை

ராணியைத் தொலைத்துவிட்டு லிஃப்ட் பெட்டியின் தலைமேல் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரரைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அதையே நினைத்துப் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. லிஃப்ட் பழுது பார்க்கிற இவரும், இவர் மகளுடைய மாமியாரும் ஃபோனில் செஸ் ஆடுகிறார்கள். ஒரு காயை நகர்த்த மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஆற அமர ஆடும் ஆட்டம். சம்பந்தியம்மா ஊரின் மறுகோடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருவருமே துணையை இழந்தவர்கள். இருவருக்கும் இருப்பது ஆளுக்கு ஒற்றைப் பிள்ளை.

வேறு ஊரில் இருக்கும் மகளும் மாப்பிள்ளையும் இங்கே மாற்றலாகி வரலாம் என்று பேச்சு அடிபட்டபோதுதான் வந்தது வினை. வந்தால் யார் பக்கம் வீடு பார்ப்பார்கள்? முகம் கோணாமல் தீர்த்துக்கொள்ள இரண்டு பெரிய மனிதர்களும் ஒரு பந்தயம் கட்டினார்கள். ஆட்டத்தில் ஜெயித்தவர் பிள்ளைகளைத் தன் பக்கம் கூப்பிடலாம். தோற்றவர் வாயே திறக்கக் கூடாது. ஆட்டம் முடியும்வரை இருவருமே திறக்கக் கூடாது.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னார்களா? மூச்! மாதக்கணக்கில் இரண்டு பேரும் ஃபோனில் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்று கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் லிஃப்ட்காரர் செய்தது ஊரில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. லிஃப்ட் ஓடும் குழிக்குள் சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லாத இடத்தில் எதை நகர்த்தினாலும் போகாது என்கிற தைரியத்தில், 'வைத்தால் எப்படி இருக்கும் பார்ப்போம்' என்று ராணியை எதிராளியின் குதிரை வாயில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் மேலேயிருந்து யாரோ பட்டனை அழுத்த, லிஃப்ட் உச்சி மாடிக்கு ஏற, சிக்னல் வந்து தொலைக்க, ராணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பதறிப்போய் அடுத்த நகர்த்தலில் ராஜாவை மூலைக்கு ஓட்டினார். அது இரண்டாவது தப்பு. பதற்றத்தில் இருப்பவன் செய்கிற இரண்டாவது தப்புதான் எப்போதும் குழியை ஆழமாக்குகிறது.

இப்போது அவரிடம் மிச்சமிருப்பது மூலையில் முடங்கிய ராஜா, ஒரு யானை, முன்னால் வழி அடைபட்டு நகர முடியாத ஒரே ஒரு சிப்பாய்.

இன்று காலை அவர் வேலைக்கு வந்திருந்தது பல் மருத்துவர்களும் கணக்காளர்களும் நிறைந்த ஏழு மாடிக் கட்டடம். நாலாவது மாடியில் லிஃப்ட் கதவு மூடப் போய், மூடாமல் திரும்பத் திறந்துகொள்கிறது என்று புகார். கதவு ஓடும் பள்ளத்தில் அடைந்திருந்த குப்பையை அவர் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் 'டிங்' என்றது.

சம்பந்தியம்மா ஆடிவிட்டார். ராணியைக் கொண்டுவந்து இவர் ராஜாவின் வாசலிலேயே நிறுத்தியிருந்தார். அடுத்த நகர்த்தலில் செக்மேட்.

லிஃப்ட்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். ஃபோனைப் பைக்குள் போட்டு, நாலு நொடி கழித்து வெளியே எடுத்தார். ராஜாவை நகர்த்த இடமில்லை. எந்தக் கட்டத்தில் வைத்தாலும் வெட்டுப்படும். சிப்பாயும் அசைய முடியாது. அசையக் கூடியது யானை ஒன்றுதான்.

அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. யானையும் போய்விட்டால்?

செஸ்ஸில் ஒரு விதி உண்டு. ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகர்த்த ஒரு காயும் இல்லை என்று ஒருவர் நின்றுவிட்டால் ஆட்டம் டிரா. ஆக, இந்த யானையை யாராவது வெட்டித் தின்றுவிட்டால் போதும், தப்பித்தார். மதம் பிடித்த யானை மாதிரி எதிர் ராஜாவின் மேல் போய்ப் போய் விழ வேண்டியதுதான். மூலையில் போய் முடங்கிய அந்த இரண்டாவது தப்புதான் இப்போது வழி காட்டுகிறது.

வாய்விட்டே சிரித்துவிட்டார். பல் வலியோடு படியேறி வந்த ஒருவர் முறைத்துவிட்டுப் போனார்.

யானையைக் கொண்டுபோய் செக் வைத்தார். வைத்த கையோடு ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க? நான் ஊருக்கு வந்திருக்கேன்."

"ஊருக்கா? சொல்லவே இல்ல? என்னம்மா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நேர்ல சொல்றேன். அட்ரஸ் சொல்லுங்க."

அவள் வந்து சேர்ந்தபோது கதவு சரியாகிவிட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, திறந்து மூடிப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அப்பா அவளையும் உள்ளே ஏற்றிக்கொண்டார். சிட்டு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ப ஓரிடத்தில் நிற்காதவள். இன்று லிஃப்டின் மூலையில் சாய்ந்து அசையாமல் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா. அவர் ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. இந்த ஊருக்கு வர்றீங்களா, இல்ல இருக்கற இடத்துலயே இன்னும் மூணு வருஷம் இருக்கீங்களான்னு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. மூடியது.

"என்ன எழுதப் போறீங்க?" குரல் வழக்கம்போல இருக்க வேண்டும் என்று அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"அங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். ஃபோன்ல சொல்ல மனசு வரல. அதான் நேர்ல வந்தேன். அவரும் அத்தைகிட்ட சொல்லப் போயிருக்கார். நீங்க முந்திக்கிட்டு அவங்களுக்கு ஃபோன் பண்ணி எதையும் உளறிடாதீங்க."

மூன்று வருஷம்! 'வேண்டாம்மா, வந்துடு' என்று நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார். பந்தயம் பந்தயம்தான். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, அதுவும் சம்பந்தி வீட்டுக்கு.

"ஏன்மா அப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"ஏன்னா?" சிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "சும்மாதான்."

இந்த 'சும்மாதான்' என்கிற வார்த்தையைக் கண்டு பயப்படாத அப்பன் உலகத்தில் கிடையாது.

மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் ஃபோன் 'டிங்' என்றது. சம்பந்தியம்மாவின் ராஜா ஒரு கட்டம் ஒதுங்கியிருந்தது. இவர் அவசரமாக யானையை நகர்த்தி மறுபடி செக் வைத்தார். கதவு மூடியது. சிக்னல் போய்விட்டது. உடனே நாலாவது மாடிப் பட்டனை அழுத்தினார்.

"அப்பா, நான் பேசிட்டிருக்கேன்."

"கேக்கறேன்மா. நீ சொல்லு."

"எதுக்கு இப்படி மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கீங்க? நாலாவது மாடி சரியாயிடுச்சுல்ல?"

"டெஸ்டிங்மா. மோட்டாரையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்."

உச்சி மாடியில் இறங்கி, மோட்டார் அறைக்குப் போகிற இரும்புப் படியில் நின்றுகொண்டு மருந்துக்கடைக்கு ஃபோன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் சம்பந்தியம்மா.

"என்ன சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? சும்மாதான் கூப்பிட்டேன். ஆட்டத்தைக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்கலாமான்னு..."

"நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்." அந்த அம்மாவின் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. "ஒரு மூவுக்கு மூணு நாள் உக்காந்து அடைகாக்கறது நீங்கதான். இன்னைக்காவது சட்டுபுட்டுன்னு ஆடுங்க."

"ஏன் சம்பந்தி, ஏதாவது அவசரமா?"

"எனக்கென்ன அவசரம்? உங்களுக்கு ஏதாவது அவசரமா?"

"எனக்கென்ன? சேச்சே."

"கடையில ஆள் நிக்குது. வைக்கறேன்."

அந்த ஆள் தன் மாப்பிள்ளைதான் என்று லிஃப்ட்காரருக்குப் புரியாமல் இல்லை. செய்தி அங்கேயும் போய்விட்டது. கேட்க முடியாமல் அந்த அம்மாவும் தவித்துக்கொண்டிருக்கிறார். ஆளுக்கொரு கோடியில் இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்! தேடித் தேடிப் பார்த்தாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொடி இருக்கிறது. அதை அழுத்தினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். ஜெயித்த சம்பந்தியம்மா உடனே வாயைத் திறக்கலாம். பிள்ளைகள் ஊருக்காவது வந்துவிடுவார்கள். ஊரின் மறுகோடிதான், போக இரண்டு பஸ் மாற வேண்டும்தான். அதனால் என்ன? மூன்று வருஷத்துக்கு அது எவ்வளவோ தேவலை.

ஆனால் அதன் பிறகு, 'என் பக்கம் வா' என்று ஒரு நாளும் கேட்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தன் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் கிடையாது. டி.வி.யைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். யாரோ இருக்கிற மாதிரி இருக்கட்டுமே என்றுதான். மகளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.

கட்டை விரல் கொடியின் மேல் வந்து நின்றது.

"அப்பா!"

சிட்டு படியேறி வந்து பின்னாலேயே நின்றிருந்தாள். கோபத்தில் மூக்கு நுனி சிவந்திருந்தது. அவர் சுதாரிப்பதற்குள் ஃபோனைப் பிடுங்கிவிட்டாள்.

"மூணு வருஷம் வர மாட்டோம்னு சொல்றேன். நீங்க விளையாடிக்கிட்டு இருக்கீங்களா? யாருப்பா அது, அப்படி என்ன தலை போற..." திரையைப் பார்த்தவள் நிறுத்தினாள். எதிராளியின் படமாக மருந்துக்கடை வாசல் இருந்தது. "இது அத்தை கடை. அத்தைகூடவா ஆடறீங்க?"

இனி மறைத்து என்ன பிரயோஜனம்? சொன்னார். ஆதியோடந்தமாகச் சொன்னார். குதிரை வாயில் ராணியை வைத்ததைக்கூட விடவில்லை.

சிட்டு இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கைகளையே திரும்பத் துடைத்தார்.

"எங்களை வெச்சுப் பந்தயமா?"

"தப்புதாம்மா."

"நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா உங்களுக்கு?" குரல் உடைந்தது. "மாற்றல் வரலாம்னு எத்தனை தடவை சொல்லிப் பாத்தேன். 'அப்படியா, சரிம்மா'ன்னு வெச்சுடுவீங்க. அத்தையும் அதேதான். அவர் ஒரு நாள் ராத்திரி சொல்றார், 'ரெண்டு பேரும் தனியா இருந்து பழகிட்டாங்க சிட்டு. நாம போய் அவங்களுக்குத் தொந்தரவா இருக்க வேணாம்'னு. நான் அன்னைக்கு அழுதேன்பா. அம்மா போனதுக்கப்புறம் உங்களுக்கு நான் வேண்டாதவளா போயிட்டேனோன்னு அழுதேன்."

லிஃப்ட்காரருக்கு ராணியைத் தொலைத்தது ஒரு தப்பே இல்லை என்று அப்போது தோன்றியது. முதல் நகர்த்தலுக்கும் முன்னாலேயே செய்த தப்பு ஒன்று இருக்கிறது.

"அடிப்பாவி, தொந்தரவா? நீயா?"

"அப்ப இதென்ன, கொடியை அமுக்கப் போனீங்க?"

"நான் தோத்துட்டா சம்பந்தி உங்களைக் கூப்பிட்டுடுவாங்க. ஊருக்காவது வந்துடுவீங்க இல்ல?"

"நீங்க காலம் பூரா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்களாக்கும்?" சிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை அவர் கையில் திணித்தாள். "ஒண்ணும் வேண்டாம். ஆடுங்க."

"இல்லம்மா..."

"ஆடுங்கன்னு சொல்றேன்ல? எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவங்க யானையை வெட்டினா இப்பவே முடிஞ்சிடும். வெட்டலைன்னா சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்."

"அஞ்சு மணிக்கு மேல நேரமில்ல. வெட்ட வைங்க."

சொல்வது சுலபம். சம்பந்தியம்மா ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. மருத்துவரின் கோழிக்கிறுக்கலை நாள் முழுக்கப் படிக்கிற கண். இவர் செக் வைக்க, அந்த அம்மா ஒதுங்க, இவர் துரத்த, அந்த அம்மா மறுபடி ஒதுங்க, மூன்று நாளைக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்த ஃபோன் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அடித்தது. அப்பாவும் மகளும் ஒரே படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து திரையையே வெறித்தார்கள். கீழே லிஃப்டுக்காக யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "வர்றேன், வர்றேன்" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார், நகரவில்லை.

"இப்ப எங்க வைக்கப் போறீங்க?"

"அவங்க ராஜாவை ஒட்டியே. மூக்குக்கு நேரா."

"வெட்டிடுவாங்களே!"

"வெட்டணும்கிறதுதானேம்மா வேண்டுதல்."

யானை போய் எதிர் ராஜாவின் பக்கத்தில் நின்றது.

இந்தத் தடவை பதில் உடனே வரவில்லை. சிட்டு நகத்தைக் கடித்தாள். அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். நாலு படி இறங்கினார், சிக்னல் போய்விடுமோ என்று பயந்து திரும்ப ஏறினார். சம்பந்தியம்மா கண்டுபிடித்துவிட்டாரா? ராஜாவை வெட்டாமல் இன்னொரு பக்கம் நடத்திக்கொண்டு போனால் யானையால் மேற்கொண்டு செக் வைக்க முடியாது என்பது இவருக்கே தெரியும்.

'டிங்.'

ராஜா யானையை வெட்டிவிட்டது. பலகை மங்கியது. நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து, ஆட்டம் டிரா என்றது. சம்பந்தியம்மா அவசரத்தில் வெட்டினாரா, தெரிந்தே வெட்டினாரா என்பதை அவரே சொன்னால்தான் உண்டு.

"அப்பாடா!" என்றாள் சிட்டு. "டிரா ஆனா யார் கூப்பிடணும்?"

லிஃப்ட்காரர் முழித்தார். "அதை நாங்க பேசவே இல்லையேம்மா."

சிட்டுவின் ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை. அவர் குரல் அப்பாவுக்கும் கேட்கும்படி கணீரென்று வந்தது.

"சிட்டு, இங்க அம்மா என்னவோ ஃபோனையே தட்டிக்கிட்டு இருந்தாங்க. திடீர்னு கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வந்துடுங்கடா, என் பக்கத்துலயே வந்து இருங்கடா'ன்னு அழறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. ஆபீஸ்ல வேற கூப்பிட்டுட்டாங்க. என்ன எழுதட்டும்? உங்க அப்பா என்ன சொல்றார்?"

"எங்க அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் லைன்லயே இருங்க."

அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு. அத்தை கேட்டுட்டாங்க. நீங்களும் கேளுங்க."

லிஃப்ட்காரர் எழுந்து போய் மோட்டார் அறைக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அது நன்றாகத்தான் பூட்டியிருந்தது.

"வேண்டாம்மா. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எதை முடிவு பண்ணாலும் எனக்குச் சம்மதம்."

"அப்பா, இங்க பாருங்க. பந்தயத்தை விடுங்க. அதுக்கு முன்னாடியும் நீங்க கேக்கல. அம்மா போன அன்னைக்குக்கூட 'நீ கிளம்பும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னுதான் சொன்னீங்க. ஒரு தடவைகூட ஏன்பா கேக்கல?"

அவர் திரும்பவில்லை. பூட்டைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

"நான் கேட்டா நீ வந்துடுவேம்மா."

மடியில் இருந்த ஃபோனில் மாப்பிள்ளை "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். சிட்டு எழுந்து வந்து அப்பாவின் எண்ணெய்க் கையை அந்தப் பூட்டிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"அதுக்குத்தானேப்பா கேக்கச் சொல்றேன்."